அடி விழும் இடம்

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டி சாகப்போகிறது என்று ஒரு வாரத்துக்கு முன்பே சொன்னவர் என் அண்ணி அமலோற்பவம். காப்பி குடிக்க வந்தவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "பிரேமா, உன் ஐஸ்பெட்டிக்குத் தொண்டை கட்டியிருக்கு. உள்ளே இருக்கற மீனை எல்லாம் காலி பண்ணிடு" என்றார். நான் சிரித்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் தினமும் கேட்கிற அதே உறுமல்தான். அடுத்த வாரம் பெட்டி நின்றது. இரண்டு கிலோ மீன் நாறிப்போனது. அன்றிலிருந்து அண்ணி எங்கள் வீட்டுக்குள் தலையைச் சாய்த்தாலே, அடுத்து எந்தச் சாமானோ என்று நான் சுற்றிலும் பார்ப்பேன்.

நான் எங்கள் ஊர் தம்போயில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். இருபது பிள்ளைகளின் கத்தலுக்கு நடுவே பதினாறு வருடம் ஓட்டியிருக்கிறேன். என் காதைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அண்ணியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அண்ணன் பெண்டாட்டியை ஒரு நாத்தனார் இப்படித் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறாளே, ஏதாவது காரியம் ஆக வேண்டியிருக்குமோ என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நாத்தனார் என்றால் குறைதான் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

அண்ணி பக்கத்து ஊரான செனாயில் ஸ்பீக்கர் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் காதால் வேலை பார்த்தவர். ஆமாம், காதால்தான். சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு சின்ன அறை. காருக்கும் டிவிக்கும் போகிற ஸ்பீக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முன்னால் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நீளச் சத்தம் கொடுப்பார்கள். அது கீழேயிருந்து கிளம்பி உச்சி வரை ஏறும், இரண்டே விநாடி. அந்தச் சத்தத்துக்கு அடியில் மெலிசாக ஓர் உரசலோ கரகரப்போ இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் சிவப்புப் பொத்தான், இல்லாவிட்டால் பச்சை. ஒரு ஷிஃப்டில் ஆயிரத்துக்கும் மேல் வரும். வேலை நாளில் அண்ணி முறுக்கு கடிக்க மாட்டார், தன் பல் சத்தமே காதுக்குள் நின்றுவிடுமாம். "மேல வர்ற பெரிய சத்தத்தைக் கேக்கக் கூடாது பிரேமா. அதை ஒதுக்கிட்டு அடியில இருக்கறதைக் கேக்கணும்" என்று ஒருமுறை எனக்குச் சொல்லித் தந்தார். நானும் முயன்று பார்த்தேன். எனக்குப் பெரிய சத்தம்தான் கேட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்பு தொழிற்சாலை ஒரு சோதனை மெஷின் வாங்கியது. அதே மாதம் எல்லாருக்கும் காது பரிசோதனையும் நடந்தது. அண்ணிக்கு அப்போது ஐம்பத்து மூன்று. வலது காதில் உச்சிச் சத்தம் குறைந்திருக்கிறது என்று நர்ஸ் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாராம். "வயசாச்சு இல்லக்கா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை அண்ணியை அட்டைப்பெட்டி மடிக்கிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் குறையவில்லை. அண்ணி சத்தம் போட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் போய்ப் பெட்டி மடித்தார்.

அதற்குப் பிறகு அவர் தலையைச் சாய்ப்பதை விட்டுவிட்டார். என் வேனில் பிரேக் கீச்சிட்டதுகூட எனக்கே கேட்டது, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார். கோவிலில் பாடுவதையும் நிறுத்தினார். எங்கள் தமிழ்ப் பூசையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். அமலோற்பவம் எடுத்தால் சுருதி தப்பாது என்று ஃபாதரே சொல்வார். "தப்பா எடுத்தா எனக்கே தெரியாதே பிரேமா. காது போனவ எதுக்குப் பாட்டெடுக்கணும்?" என்று என்னிடம் மட்டும் சொன்னார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடி நிற்பார். பார்க்கவே எனக்குக் கோபம் கோபமாக வரும். யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த நிலையில்தான் போன வருடத் தவக்காலத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் எங்கள் கோவிலுக்கு வந்தார்கள். இசை ஆராய்ச்சி என்றார்கள். மூன்று பேரில் ஒருவருக்கும் பாட வராது. டாக்டர் கஸ்தூரி மனத்தைப் பற்றிப் படித்தவர். வசந்தன் கம்ப்யூட்டர்காரர். மிஸ் லிம் மக்களின் பழக்கவழக்கங்களை ஆராய்கிறவர், எல்லாரிடமும் மலாயில் நிறைய விசாரிப்பார். நடந்துகொண்டே பாடுகிற ஒரு கூட்டம் எப்படி ஒரே தாளத்துக்கு வந்து சேர்கிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. ஆளுக்கு ஒரு வழியில் அதைத் தேடினார்கள். எங்கள் சிலுவைப்பாதை அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

பெரிய வெள்ளிக்கு முந்தைய அந்த நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் கோவிலில் வாத்தியம் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை கோவிலைச் சுற்றிப் ஆண்டவர் சிலுவை சுமந்த வழியின் பதினான்கு நிலைக்கும் நடப்போம், வெறும் குரலில் பாடிக்கொண்டே. வெறுங்காலில் நடப்பது எங்கள் வழக்கம், தார் சுட்டாலும் சரி. முன்னால் பெரிய மரச் சிலுவையைத் தூக்கிப் போகிறவர் என் அண்ணன் ரபேல். பதினோரு வருடமாக அவர்தான். அதற்கு முன்னால் அவர் கடலோர மெர்சிங்கிலிருந்து மீன் லோரி ஓட்டினார். ஒரு மழைநாளில் லோரி கவிழ்ந்து வலது கால் நொறுங்கியது. எலும்பு கூடிய பிறகு கால் ஒன்றேகால் அங்குலம் குட்டையாகிவிட்டது. அதனால் ஒரு பக்கம் உயரம் வைத்த சப்பாத்து போட்டுத்தான் அவரால் நடக்க முடியும். பிழைத்து எழுந்த வருடமே சிலுவையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூவரும் நான்கு வெள்ளிக்கிழமை எங்களோடு நடந்து பதிவு செய்தார்கள். பிறகு ஃபாதர் வழியாக ஓர் அறிவிப்பு வந்தது. பதிவைக் கேட்டுக் குறித்துத் தர ஐந்து பேர் வேண்டும், தமிழ் தெரிந்தவர்கள், காது கூர்மையானவர்கள். நான் அண்ணியிடம் கேட்கவே இல்லை. போய் அவர் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

"அலமாக்! உனக்கு அறிவிருக்கா பிரேமா?" என்று திட்டினார். "அட்டைப்பெட்டி மடிக்கறவளைப் போய்..."

"நீங்க வரலைன்னா நான்தான் போகணும். என் காது லட்சணத்துக்கு ஆராய்ச்சியே நாசமாப் போயிடும் லா" என்றேன். அதற்குப் பயந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆறு சனிக்கிழமை என் பள்ளி வேனிலேயே அவரைக் கூட்டிப்போனேன். மற்ற நான்கு பேரில் இருவர் இசை படிக்கிற மாணவர்கள், ஒருவர் பாட்டு டீச்சர், ஒருவர் இந்துக் கோவில்களில் மேளம் வாசிக்கும் சதாசிவம் ஐயா. ஒவ்வொருவருக்கும் தனி அறை, ஹெட்போன், ஒரு பொத்தான். கூடவே ஒரு தாள். அதில் தமிழில் ஒரே வரி: "ஒவ்வொரு அடி விழும்போதும் பொத்தானை அழுத்தவும்." நான் படித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டில் சின்ன வயதில் அடி விழும் என்றால் அதற்கு அம்மா ஒரு விளக்குமாறு வைத்திருந்தார்.

ஆறாவது சனிக்கிழமை திரும்பி வரும்போது வேனில் அண்ணி தலையை லேசாகச் சாய்த்தார். "பின் டயர்ல என்னமோ கல்லு மாட்டியிருக்கு" என்றார். இறங்கிப் பார்த்தேன், இருந்தது. கல்லைப் பிடுங்கி எறியும்போது எனக்குப் பாட்டுப் பாட வேண்டும் போல இருந்தது. பாடவில்லை, சாலையில் ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்த புதன்கிழமை அண்ணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கஸ்தூரி மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். "ஆன்ட்டி, ஆறு வாரம் நேரம் ஒதுக்கியதற்கு மிக்க நன்றி. உங்கள் குறிப்புகள் மற்ற நான்கு பேருடன் பொருந்தாததால் ஆய்வில் சேர்க்க இயலவில்லை. தவறாக நினைக்க வேண்டாம்." அண்ணி அதை எனக்குக் காட்டிவிட்டு போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நர்ஸ் சொன்னது சரிதான் பிரேமா" என்றார். "என் காது போச்சு."

அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருக்கலாம். எழுந்து போய் சோற்றுக்கு அரிசி களைந்தார். அந்த அரிசிச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. காது போனவளா என் டயரில் கல்லைக் கண்டுபிடித்தாள்? சனிக்கிழமை காலை அண்ணியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வேனில் ஏற்றினேன். "எதுக்கு பிரேமா, விடு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் விடவில்லை.

நாங்கள் உள்ளே போனபோது மூவரும் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாட்டில் அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. நான்கு பேர் குறித்ததையும் சேர்த்துப் பார்த்தால் தாளம் சமமாக வரவில்லை. ஒன்று நீளம், அடுத்தது குட்டை, மறுபடி நீளம், மறுபடி குட்டை. பதினான்கு நிலைக்கும் அப்படியே. உட்கார்ந்து பாடச் சொன்னால் அதே ஆட்கள் அதே பாட்டைச் சமமாகப் பாடுகிறார்கள். துக்கம் குரலை இழுக்கிறது என்றார் கஸ்தூரி. ரப்பர் தோட்டத்துக் காலத்து வேலைப் பாட்டின் மிச்சம் அது என்றார் மிஸ் லிம். பதிவுக் கருவி தூக்கியவன் ஆட்டியிருப்பான், கணக்கில் சரிசெய்துவிடலாம் என்றார் வசந்தன். ஆளுக்கு அவரவர் படித்தது.

எங்களைப் பார்த்ததும் கஸ்தூரி எழுந்து நாற்காலி போட்டார். நல்ல பிள்ளை. எனக்குத்தான் அன்று நல்லது எதுவும் கண்ணில் படவில்லை.

"எங்க அண்ணி ஆறு வாரம் வந்து உட்கார்ந்தாங்க. எதைத் தப்பாக் குறிச்சாங்கன்னு காட்டுங்க. பார்த்துட்டுப் போயிடறோம்" என்றேன்.

வசந்தன் திரையில் காட்டினார். மேலே நான்கு வரிசைப் புள்ளிகள், பள்ளிக்கூட அசெம்ப்ளி மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. ஐந்தாவது வரிசை, "கேட்பவர் 5", எல்லாவற்றுக்கும் கொஞ்சம் முன்னால் தள்ளித் தள்ளி நின்றது. "அஞ்சு பேர்ல ஒருத்தர் மட்டும் இப்படி விலகினா எடுத்துடுவோம் ஆன்ட்டி. அதான் முறை. யார் மேலயும் தப்பு சொல்லல" என்றார்.

"நாலு பேர் ஒண்ணாச் சொன்னா சரியாயிடுமா?" என்று நான் ஆரம்பித்தேன். அண்ணி என் முழங்கையைத் தொட்டார். கைப்பையைத் திறந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். முதல் நாள் கொடுத்த அதே தாள். மேசையில் விரித்து வைத்தார்.

"நீங்க சொன்னதைத்தான் குறிச்சேன் தம்பி. ஒவ்வொரு அடி விழும்போதும்."

"எந்த அடி ஆன்ட்டி?" என்று கேட்டார் கஸ்தூரி.

"காலடிதான். வேற எந்த அடி?"

மூவரும் அந்தத் தாளைக் குனிந்து பார்த்தார்கள். அந்த வரியைத் தமிழில் எழுதியவர் வசந்தன். தாளத்தின் அடியை நினைத்து எழுதியிருக்கிறார். மற்ற நான்கு பேரும் சங்கீதக்காரர்கள், அவர்களுக்கும் அடி என்றால் தாளம்தான். அண்ணி இருபத்திரண்டு வருடம் பெரிய சத்தத்தை ஒதுக்கிவிட்டு அடியில் இருப்பதைக் கேட்டவர். வசந்தனுக்குக் காது சிவந்துவிட்டது. மிஸ் லிம்முக்குக் கஸ்தூரி மொழிபெயர்த்துச் சொல்லும் வரை அந்த அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டைக் குறிக்கச் சொன்னீங்களா?" என்றார் அண்ணி. உண்மையாகவே அவருக்கு ஆச்சரியம். "பாட்டு எல்லாருக்கும்தான் கேக்குது. அதுக்கு நான் எதுக்கு?"

வசந்தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை ஓட விட்டார். கண்ணை மூடினார், திறந்தார், சத்தத்தைக் கூட்டினார். "ஒரு காலடியும் கேக்கல ஆன்ட்டி. எல்லாரும் வெறுங்கால்ல இல்ல நடந்தாங்க?"

"ஒருத்தர் மட்டும் சப்பாத்து போட்டிருந்தாரு."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. சிலுவை தூக்கறவரு." அண்ணி மேசையில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். டக்... தப். டக்... தப். "வலது கால் குட்டை. அதனால ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை."

ஒன்று நீளம், ஒன்று குட்டை. கஸ்தூரி திரையைப் பார்த்தார். மிஸ் லிம் வாயில் கையை வைத்துக்கொண்டார். என் அண்ணனை இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்தவர் அவர். சிலுவை எந்த மரம், யார் செய்தது, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தீர்கள், எல்லாம் கேட்டிருக்கிறார். கோவில் மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தே கேட்டிருக்கிறார். ஊர்வலத்தில் அண்ணன் சாய்ந்து சாய்ந்து நடந்ததைச் சிலுவையின் பாரம் என்று நினைத்துக்கொண்டாராம்.

நான் வெற்றி பெற்றவள் போல எழுந்துவிட்டேன். கஸ்தூரி எழவில்லை. "ஆன்ட்டி, நான் நம்பறேன். ஆனா நம்பறது போதாது. சரிபார்க்கணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனைக்குப் பிறகும் சரிபார்ப்பா? அண்ணி தலையசைத்தார். "பார்க்கணும்தான். எங்க ஃபேக்டரியிலயும் நான் தள்ளின பீஸை இன்னொருத்தர் திறந்து பார்ப்பாங்க" என்றார்.

அவர்களிடம் வீடியோவும் இருந்தது, ஆட்களை எண்ணுவதற்காக எடுத்தது. அண்ணி குறித்ததைப் பார்க்காத இரண்டு மாணவர்களைச் சத்தமே இல்லாமல் அந்த வீடியோவைப் பார்க்க வைத்தார்கள். சப்பாத்து தரையில் படும் ஒவ்வொரு கணத்தையும் கண்ணால் குறிக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அண்ணி வேலைக்குப் போனார், பெட்டி மடித்தார், வந்தார். நான்தான் தூங்கவில்லை.

பதிலைச் சொல்ல கஸ்தூரி தம்போய்க்கு நேரில் வந்தார். அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கொடுத்த கேசரியைத் தொடாமல், முதலில் எண்ணைச் சொன்னார். வீடியோவில் அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. அதில் ஐந்நூற்று எண்பத்தேழை அண்ணி பிடித்திருந்தார். விட்டது இருபத்தைந்து. அதில் பாதிக்கு மேல் பக்கத்துச் சாலையில் மோட்டார்சைக்கிள் போன நேரம்.

"இருநூறு பேர் பாடற சத்தத்துக்கு அடியில ஆன்ட்டி" என்றார் கஸ்தூரி. "எங்க மெஷினுக்கும் கேக்கல. இப்போதான் அதுக்கு எங்கே தேடணும்னு தெரியுது."

பிறகு மற்றதைச் சொன்னார். அண்ணனின் அடி முதலில் விழுகிறது, பாட்டின் தாளம் ஒரு நூலிழை பிந்தி வருகிறது. முன்வரிசை அவர் நடைக்கு நடக்கிறது, அடுத்த வரிசை முன்வரிசைக்கு நடக்கிறது, அப்படியே கடைசி வரை. காலுக்குத் தகுந்தபடி குரல். பதினோரு வருடமாக எங்கள் கோவிலே என் அண்ணனின் காலுக்குப் பாடியிருக்கிறது. அவ்வளவு பேரும் யாரும் சொல்லாமலே அவருக்காகத் தாளத்தை வளைத்திருக்கிறோம், நானும் சேர்த்து!

அண்ணன் முகம்தான் விழுந்துவிட்டது. "அப்போ இத்தனை வருஷமா நான்தான் பாட்டைக் கெடுத்துக்கிட்டு இருந்தேனா?" என்றார்.

"கெடுக்கல அங்கிள்" என்று கஸ்தூரி பதறினார். அண்ணன் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

கஸ்தூரி கிளம்பும்போது அண்ணி வாசலில் நிறுத்தி ஒன்று கேட்டார். "நர்ஸ் காட்டின கோடு பொய்யா டாக்டர்?"

"இல்ல ஆன்ட்டி, அது உண்மைதான். உச்சிச் சத்தம் உங்களுக்குக் குறைஞ்சிருக்கு. சப்பாத்துச் சத்தம் கீழ இருக்கு. அதை மத்த சத்தத்துலேர்ந்து பிரிக்கறது காது மட்டும் செய்யற வேலை இல்ல, நீங்க கத்துக்கிட்டது. அது போகல."

அண்ணி யோசித்தார். "ஹெட்போன் மாட்டி, ரூமுக்குள்ள உட்கார்ந்தா யாருக்கும் கேக்கும்" என்றார். கஸ்தூரி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். இந்த மனுஷியை என்ன செய்வது?

ஜனவரியில் ஒரு கருத்தரங்கில் அந்த ஆய்வைப் படித்தார்கள். எங்களையும் அழைத்தார்கள். அண்ணன் வேலை இருக்கிறது என்று வரவில்லை. திரையில் மறுபடியும் அந்த ஐந்து வரிசைப் புள்ளிகள் வந்தன. ஐந்தாவது வரிசைக்குப் பக்கத்தில் "கேட்பவர் 5" என்பதை எடுத்துவிட்டு "அமலோற்பவம் ரபேல், தம்போய்" என்று போட்டிருந்தார்கள். இனிமேல் விலகி நிற்கிற யாரையும் நீக்குவதற்கு முன்னால் என்ன கேட்டாய் என்று அவரிடமே கேட்பது தங்கள் முறையில் ஒரு படி என்று கஸ்தூரி சொன்னார். அடி என்ற சொல்லைத் தான் யோசிக்காமல் போட்டதை வசந்தன் மறைக்காமல் சொன்னார், சபை சிரித்தது. கோட்டு போட்டவர்கள் எழுந்து வந்து அண்ணிக்குக் கை கொடுத்தார்கள். நான் மூன்று தடவை போட்டோ எடுத்தேன், மூன்றிலும் என் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. அதில் ஒன்றை இன்னும் வேனில் மாட்டி வைத்திருக்கிறேன், பிள்ளைகள் யார் என்று கேட்டால் சொல்வதற்காக.

ஆனாலும் கோவிலில் அண்ணி வாயைத் திறக்கவில்லை. புத்தகம் திறந்தேதான் இருந்தது.

இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது, அது எனக்கு மட்டும் தெரியும். அண்ணி ஷிஃப்டுக்குப் போன பிறகு அண்ணன் கூடத்தில் நடந்து பழகிக்கொண்டிருந்தார். சப்பாத்துக்குள் புதிதாக ஓர் அட்டை வைத்து, வலது காலை அழுத்தி, இடது காலைப் பிடித்து, இரண்டும் சமமாக விழும்படி. நெற்றியெல்லாம் வியர்வை. "அவகிட்ட சொல்லாதே. இந்தப் பெரிய வெள்ளிக்குப் பாட்டு நேரா போகணும்" என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். இன்னொரு சுற்று நடந்தார். என் வாயில் எதுவும் நிற்காது என்று ஊருக்கே தெரியும். அதை மட்டும் எப்படியோ அடக்கி வைத்திருந்தேன்.

பெரிய வெள்ளி மாலை ஐந்து மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. கூட்டம் மற்ற வெள்ளிகளைவிட அதிகம், முந்நூறு பேர் இருக்கும். அண்ணியும் நானும் கடைசியில், சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களோடு நடந்தோம். அங்கிருந்து சிலுவையின் நுனி மட்டும்தான் தெரிந்தது. முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போதே பாட்டு கலைந்தது. முன்னால் இருப்பவர்கள் ஒரு சொல்லில், நாங்கள் இன்னொரு சொல்லில். ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் யாரோ அவசரப்படுகிறார்கள் என்று முணுமுணுத்தார். மூன்றாம் நிலைக்குப் போகும் வழியில் அது பாட்டாகவே இல்லை.

அண்ணி நின்றார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"செருப்பை மாத்திட்டாரா?" என்றார். அப்படியே இன்னும் கொஞ்சம் கேட்டார். "இல்ல. அதே சப்பாத்துதான். காலைப் புடிச்சுப் புடிச்சு வைக்கறாரு. வலிக்குது அவருக்கு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் முந்நூறு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்த சத்தம். அண்ணி புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு, "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி" என்று கூட்டத்துக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். முன்னால் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் சட்டை முழுக்க நனைந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, இடது, வலது என்று அளந்து அளந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க" என்றார் அண்ணி மெதுவாக. "உங்க நடை நடங்க."

"பாட்டு நொண்டும் அமலி."

"நொண்டட்டும். எங்களுக்கு அப்படித்தான் பாட வருது. நீங்க இப்படி நடந்தா யாருக்கும் கால் எங்கே வைக்கறதுன்னு தெரியல."

அண்ணன் நின்றார். சிலுவையைத் தோளில் மாற்றிக்கொண்டார். ஓர் அடி வைத்தார், பழைய அடி. டக்... தப். முகத்தில் இறுக்கம் விட்டது. முன்வரிசை ஆடிப் பிடித்துக்கொண்டது. பிறகுதான் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்கே இருந்தே?"

"கடைசியில. சக்கர நாற்காலிக்குப் பக்கத்துல."

"அங்க வரைக்குமா கேட்டுச்சு?"

அண்ணி திரும்பிப் பின்னால் பார்த்தார். வளைவில் மறைந்து நின்ற கூட்டத்தின் கடைசி வரை பார்த்தார். ஹெட்போன் இல்லை, பஞ்சுச் சுவர் இல்லை. இவ்வளவு தூரம் கடந்து வந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கண் நிறைந்துவிட்டது.

"கேட்டுச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, நான்தான் நம்ப மறுத்தவள் மாதிரி, இன்னும் சத்தமாகச் சொன்னார். "கேட்டுச்சு பிரேமா!"

"தெரியும் அண்ணி" என்றேன்.

மூன்றாம் நிலையில் ஃபாதர் செபத்தைச் சொல்லி முடித்தார். சிலுவை நகர்ந்தது. டக் என்று ஒன்று, தப் என்று ஒன்று. யாராவது பாட்டை எடுக்க வேண்டும். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் கையில் இருந்த புத்தகத்தைத் திரும்ப வாங்காமலே, அண்ணி எடுத்தார்.